சுமப்பவன் யார்?

விமானப் பயணம் வாய்த்துவிட்டது. புதுப் பெட்டி வேண்டும். கடைவீதிக்குச் செல்கிறோம். சிவப்பா, நீலமா என்று பார்க்கிறோம். பூட்டைத் திருகுகிறோம், சக்கரத்தைச் சுழற்றுகிறோம், கைப்பிடியை இழுத்து இழுத்து நீட்டுகிறோம், விலையைக் கேட்டு விழிக்கிறோம். எத்தனை உடை கொள்ளும், எத்தனை ஆண்டு உழைக்கும், விழுந்தால் உடையுமா, மழையில் நனையுமா — கேள்வி மேல் கேள்வி கேட்டுக் கடைக்காரரைத் திணற வைக்கிறோம். அவரும் சளைக்காமல் விடை தருகிறார். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாமும் கேட்பதில்லை, அவரும் நினைவூட்டுவதில்லை. இந்தப் பெட்டியைச் சுமக்கப் போகிறவன் யார்?

“இதுவும் ஒரு கேள்வியா? என் பெட்டியை நான் சுமக்கிறேன். அதிலும், சக்கரம் இருக்கிறதே! உருட்டிச் செல்வேன்; சுமக்கும் பேச்சே இல்லை” என்பர் நண்பர்கள் சிலர். அந்த விடை சரியா? ஆராய்ந்து பார்ப்போம். பெட்டி சிறு பொருள்தான். என்றாலும், சிறு பொருளை வாங்கும்போது மனிதன் எதை எண்ணுகிறான், எதை எண்ண மறுக்கிறான் என்று பார்த்தால், அவனுடைய அறம் எவ்வளவு தொலைவு செல்கிறது என்பது தெரிந்துவிடும். மேடையில் சமத்துவம் பேசுவது எளிது. கடையில் நின்று பெட்டி பொறுக்கும்போதும் அந்தச் சமத்துவம் உடன் வருகிறதா என்பதே கேள்வி.

சக்கரத்தின் கதையிலிருந்தே தொடங்குவோம். மனிதன் சக்கரத்தைக் கண்டறிந்து ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. வண்டிக்குப் பூட்டினான், தேருக்குப் பூட்டினான், ஆலைக்குப் பூட்டினான், இரும்புப் பாதையில் ஓடவிட்டான். விண்ணையும் வென்றான், 1969 ஜூலையில் நிலவிலே காலடி வைத்தான். அத்தனையும் செய்தவன், தன் பெட்டிக்கு அடியில் நான்கு சக்கரங்களைப் பொருத்திக் கடையிலே விற்க மட்டும் மறந்து போனான்! முயற்சிகள் ஆங்காங்கே நடந்ததுண்டு. உலகம் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

1970-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்றின் துணைத் தலைவராக இருந்த பெர்னார்ட் சாடோ என்பவர், அரூபாத் தீவில் விடுமுறையைக் கழித்துவிட்டுக் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார். இரு கைகளிலும் கனத்த பெட்டிகள். வழியில், விமான நிலையத்துத் தொழிலாளி ஒருவர் பெரிய இயந்திரம் ஒன்றைச் சக்கரப் பலகைமேல் வைத்து, எளிதாகத் தள்ளிச் செல்வதைக் கண்டார். கண்டதும் பொறி தட்டியது. பெட்டிக்குச் சக்கரம் பூட்டினார்; இழுத்துச் செல்ல வார் கட்டினார். கடைகடையாக ஏறி இறங்கினார். வாங்க ஆளில்லை என்று கூறித் திருப்பி அனுப்பின பெருங்கடைகள். கடைசியில் மேசிஸ் என்னும் பெருங்கடை ஏற்றுக்கொண்டது. 1972-இல் காப்புரிமையும் கிடைத்தது. தடையாக நின்றது எது? ஆண்மகன் என்றால் பெட்டியைத் தூக்கத்தான் வேண்டும், மனைவியின் பெட்டியையும் அவனே தூக்க வேண்டும் என்ற வீம்புதான் என்று சாடோவே பின்னாளில் கூறினார்.

சாடோவின் பெட்டி படுத்தபடி உருண்டது. நாயைக் கயிற்றில் பிடித்து இழுப்பதுபோல் இழுக்க வேண்டும். 1987-இல் ராபர்ட் பிளாத் என்னும் விமானி, பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் அமைத்தார். முதலில் உடன் பணியாற்றிய விமானிகளும் பணிப்பெண்களும் வாங்கினர். அவர்கள் அதை இழுத்துச் செல்லும் நேர்த்தியைக் கண்ட பயணிகள், தமக்கும் அதுவே வேண்டும் என்றனர். இன்று நாம் இழுத்துச் செல்லும் பெட்டி அதன் வழித்தோன்றல்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! சக்கரமும் இருந்தது, பெட்டியும் இருந்தது. இரண்டையும் இணைக்கும் அறிவு மட்டும் ஏன் இத்தனை காலம் உறங்கிற்று? ஆணின் வீம்பு ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் இன்னொன்று உண்டு என்போம். பெட்டியை வாங்கும் வசதி படைத்தவன், அதைத் தூக்க வேண்டிய தேவை இல்லாதவனாக இருந்தான். கப்பல் துறைமுகத்தில் அவனுக்காக ஓர் ஆள் காத்திருந்தான். ரயில் நிலையத்தில் ஓர் ஆள் ஓடி வந்தான். விடுதி வாயிலில் ஓர் ஆள் குனிந்து நின்றான். தோள் மலிவாகக் கிடைத்தது. ஆகவே சக்கரம் தேவைப்படவில்லை. வலி ஒருவனுக்கு, வசதி இன்னொருவனுக்கு என்று ஏற்பாடு அமைந்துவிட்டால், அறிவு வேலை செய்ய மறுக்கிறது. அடிமை கிடைக்கும் வரையில் ஆண்டைக்குப் புதுமை தோன்றாது.

கூலி என்ற சொல் நம் மொழியிலே உழைப்புக்குத் தரும் ஊதியத்தைக் குறிக்கிறது. அந்தச் சொல்லையே மனிதனுக்குப் பெயராகச் சூட்டி, செஞ்சட்டை அணிந்து நிற்பவனை “கூலி, கூலி” என்று கூவி அழைத்தார்கள் ரயில் நிலையங்களில். தாய் தந்தையர் வைத்த பெயர் அவனுக்கு இல்லையா? இருந்தது, கேட்பாரில்லை. 2016-ஆம் ஆண்டு ரயில்வே வரவுசெலவுத் திட்டத்தில், இனி அவர்களைச் ‘சகாயக்’ என்று அழைப்போம் என்று அறிவித்தார்கள். உதவியாளர் என்பது பொருள். பெயர் மாறியது, நல்லதுதான். தலைமேல் இருந்த சுமை மாறிற்றா? சக்கரப் பெட்டி வந்த பின், சுமை குறைந்த இடத்தில் அவருடைய வருமானமும் குறைந்தது. “பார்த்தீர்களா, சக்கரம் ஏழையின் வயிற்றில் அடித்துவிட்டது” என்று கண்ணீர் வடிப்போரும் உண்டு. அவர்களுக்கு நாம் கூறுவது இது: ஒருவரைச் சுமக்க வைப்பதுதான் அவருக்குச் சோறு போடும் ஒரே வழி என்று நம்புகிற சமுதாயம், சோம்பேறிச் சமுதாயம். தலைச்சுமையை மீண்டும் ஏற்றுவது பரிவாகாது. சுமையற்ற பிழைப்பைத் தேடித் தருவதே பரிவு.

சரி, சக்கரம் வந்துவிட்டது, சுமப்பவன் மறைந்துவிட்டானா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கிறோம். எடை பார்க்கிறார்கள், சீட்டு ஒட்டுகிறார்கள். பட்டை ஓடுகிறது, பெட்டி ஆடி அசைந்து சென்று திரைக்குப் பின்னே மறைகிறது. கை வீசி நடக்கிறோம். மறைந்தது பெட்டிதான், பாரம் மறையவில்லை. திரைக்கு அப்பால் அது இன்னொரு மனிதனின் கைக்குப் போய்ச் சேருகிறது.

பெரிய விமானங்களில் பெட்டிகளைக் கொள்கலங்களில் அடுக்கி, இயந்திரத்தால் ஏற்றுகிறார்கள். ஆனால் போயிங் 737 போன்ற, நடுவே ஒரே நடைபாதை கொண்ட விமானங்களில், பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கையால் அடுக்க வேண்டும். விமானத்தின் வயிற்றுப் பகுதியில் உள்ள அந்தச் சரக்கறையில் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. மண்டியிட்டும், குனிந்தும், பக்கவாட்டில் திரும்பியும் பெட்டியைப் பிடித்து இழுத்து, உள்ளே தள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார் தொழிலாளி. மேலே குளிர்ந்த காற்று, மெத்தை இருக்கை, புன்னகை வரவேற்பு. கீழே புழுக்கம், வியர்வை, முதுகு வலி. இரண்டுக்கும் இடையே ஒரு தளம்தான் தடுப்பு! நாம் பெருமையோடு சுழற்றிப் பார்த்து வாங்கிய சக்கரம் அங்கே பெரிதும் பயன்படாது. பெட்டியின் மொத்த எடையும் அந்த மனிதனின் இடுப்பில் இறங்குகிறது.

எடைக்கு ஓர் அளவு உண்டு. எந்தப் பயணியின் பெட்டியும் 32 கிலோவுக்கு மேற்படலாகாது என்பது பெரும்பாலான விமான நிறுவனங்களின் விதி. எத்தனை பணம் கட்டினாலும் அதற்கு மேல் ஒரே பெட்டியாக ஏற்கமாட்டார்கள். இரண்டாகப் பிரிக்கச் சொல்வார்கள். விமானம் தாங்காது என்பதற்காகவா? இல்லை; பல டன் சரக்கைத் தாங்கும் விமானம் 33-ஆவது கிலோவுக்கா அஞ்சும்? தூக்கும் தொழிலாளியின் முதுகு தாங்காது என்பதற்காக வந்த விதி அது. அந்த மட்டில் அதை வரவேற்கிறோம்.

ஆனால், 32 கிலோ மட்டும் தாங்கக்கூடியதா? அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்தியமைத்த கணக்கின்படி, எல்லாம் சரியாக அமைந்த நிலையிலும் ஒருவர் தூக்கத்தக்க எடையின் மேல் வரம்பு 23 கிலோ. எல்லாம் சரியாக என்றால் என்ன? நிமிர்ந்து நிற்க வேண்டும், சுமை உடலை ஒட்டி இருக்க வேண்டும், இடுப்பைத் திருகலாகாது, பிடிக்க நல்ல கைப்பிடி வேண்டும், அடிக்கடி தூக்கலாகாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் 23 என்பது 20 ஆகும், 15 ஆகும், அதற்கும் கீழே போகும். சரக்கறையில் மண்டியிட்டிருப்பவனுக்கு இவற்றில் எது வாய்க்கிறது? எதுவும் இல்லை!

இங்கே சில நண்பர்கள் குறுக்கிடுகிறார்கள். “நான் பயணச்சீட்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். விதி அனுமதிக்கும் எடையைத்தான் கொண்டு செல்கிறேன். தொழிலாளிக்கு ஊதியம் தருவதும், இயந்திரம் வாங்கித் தருவதும் நிறுவனத்தின் பொறுப்பு. என்னை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?”

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது, அதை மறுக்கமாட்டோம். இயந்திரம் வேண்டும், போதிய ஆள் வேண்டும், ஓய்வு வேண்டும், நல்ல ஊதியம் வேண்டும் — இவற்றைத் தர வேண்டியது நிறுவனம். தரச் செய்ய வேண்டியது அரசு. கேட்டுப் பெற வேண்டியது சங்கம். பயணியின் இரக்கத்தைக் காட்டி அந்தப் பொறுப்பிலிருந்து அவர்கள் தப்ப முயன்றால், நாமே முன்னின்று தடுப்போம். ஆனால் மறு பாதி? சட்டம் மேல் வரம்பைத்தான் சொல்லும். அந்த வரம்பு வரை நிரப்பியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. குடிநீர்த் தொட்டியில் எவ்வளவு எடுத்தாலும் தண்டனை இல்லை என்பதற்காக, பின்னால் நிற்பவனை மறந்து குடம் குடமாக நிரப்புபவனை நல்லவன் என்போமா? பணம் கொடுத்து வாங்கியது பயணத்தை. இன்னொருவனின் முதுகெலும்பை விலைக்கு வாங்கிவிடவில்லை.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. வளைகுடா நாட்டில் இரண்டு ஆண்டு வெயிலில் வெந்துவிட்டு ஊர் திரும்புகிறான் ஒரு தொழிலாளி. அனுமதி 30 கிலோ. அதில் ஒரு கிலோவைக்கூட அவன் விடமாட்டான். மகளுக்குப் பொம்மை, தாய்க்குப் போர்வை, தம்பிக்குக் கைக்கடிகாரம், அண்டை வீட்டாருக்குச் சோப்பும் பேரீச்சம்பழமும். அட்டைப் பெட்டியில் அடைத்து, கயிற்றால் வரிந்து வரிந்து கட்டி, பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொண்டு வருகிறான். “சுமையைக் குறை” என்று அவனிடம் சொல்ல நமக்கு வாய் வருமா? வராது. அந்தப் பெட்டியில் இருப்பது இரண்டு ஆண்டுப் பிரிவு. அதை எடை போடும் உரிமை நமக்கு இல்லை.

ஆனால், அவனுக்கும் சரக்கறைத் தொழிலாளிக்கும் பகை ஏன் வர வேண்டும்? இருவரும் உழைத்து உண்பவர்கள். அறிவைச் சிறிது செலவிட்டால் வழி பிறக்கும். 30 கிலோவை ஒரே பெட்டியில் திணிக்காமல், 15 கிலோவாக இரண்டு பெட்டிகளில் பிரிக்கலாம். மொத்த எடையைக் கணக்கிடும் விமானங்களில் பெரும்பாலும் இதற்கு இடம் உண்டு. கொண்டு வரும் அன்பு ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் இடுப்பில் இறங்கும் பாரம் பாதியாகிவிட்டது! ஒரே பெட்டிதான் என்று விதி இருக்குமிடத்தில், கயிற்றுக் கட்டுக்குப் பதில் இரு பக்கமும் உறுதியான கைப்பிடி உள்ள பெட்டி, பிடிப்பவனின் விரல்களையாவது காக்கும்.

அன்பைச் சுமப்பவனைப் பற்றி நமக்குக் குறை இல்லை. பகட்டைச் சுமப்பவனைப் பற்றித்தான் பேச வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு பெட்டிகளைக் கடையிலே அருகருகே வைத்துத் தூக்கிப் பாருங்கள். ஒன்று மூன்று கிலோ இருக்கும். மற்றொன்று ஐந்து கிலோ இருக்கும் — உள்ளே ஒரு கைக்குட்டைகூட வைக்காத நிலையில்! அந்தக் கூடுதல் இரண்டு கிலோ எதற்கு? சில வேளை உறுதிக்காக இருக்கும். பல வேளை உலோகப் பூண், பளபளக்கும் மூலை, பெரிய பெயர்ப்பலகை, நிறுவன முத்திரை. விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்கி, அதைச் சுமக்கும் வேலையை யாரோ ஒருவனுக்கு விட்டுவிடுகிறோம். ஒரு விமானத்தில் நூறு பெட்டிகள் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு இரண்டு கிலோ என்றால் 200 கிலோ. அத்தனையும் வெறும் பகட்டு! ஏற்றுபவன் ஒரு முறை தூக்குகிறான். இறக்குபவன் மறுமுறை தூக்குகிறான். விமானமோ வழி முழுவதும் எரிபொருளை எரித்துச் சுமக்கிறது.

ஆகவே பெட்டி வாங்கும்போது முதலில் வெறும் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். பாலிப்ரொப்பிலீன், பாலிகார்பனேட் போன்றவற்றாலான பெட்டிகள் கனமின்றியும் உறுதியாகவும் கிடைக்கின்றன. தடித்த துணியாலான பெட்டிகளிலும் எடை குறைந்தவை உண்டு. பெரும்பாலான நிறுவனங்கள் பதிவுப் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 சென்டிமீட்டர் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அந்த வரம்பைத் தொடும் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. பெரிய பெட்டி காலியாக இருக்கச் சம்மதிக்காது. “இன்னும் இடமிருக்கிறது, இதையும் வை, அதையும் வை” என்று ஆசை காட்டும். நடுத்தரப் பெட்டி நம்மைக் கேட்காமலேயே நமக்குக் கட்டுப்பாடு கற்றுத் தரும். மின்கலம் பொருத்திய நவீனப் பெட்டியானால், அந்த மின்கலத்தைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். கழற்ற முடியாத லித்தியம் மின்கலம் கொண்ட பெட்டிகளை 2018 ஜனவரி முதல் பல நிறுவனங்கள் மறுத்து வருகின்றன. அது தீப்பற்றினால் எரிவது உங்கள் பெட்டி மட்டுமா?

தீயைப் பற்றிப் பேசியதால், இந்த ஆராய்ச்சியின் மிகக் கடுமையான பகுதிக்கு வருகிறோம். இதுவரை கூறியது முதுகைப் பற்றியது. இனிக் கூறப்போவது உயிரைப் பற்றியது.

2016 ஆகஸ்ட் 3. திருவனந்தபுரத்திலிருந்து சென்ற எமிரேட்ஸ் விமானம் துபாய் ஓடுபாதையில் மோதிச் சறுக்கி நின்றது, தீப்பற்றியது. உள்ளே 300 பேர். வெளியே பாயுங்கள், பெட்டிகளை விட்டுவிடுங்கள் என்று பணியாளர்கள் கதறுகிறார்கள். பயணிகள் பலர் மேலடுக்கைத் திறந்து பைகளை எடுக்கிறார்கள். உள்ளே எடுக்கப்பட்ட படக்காட்சியை உலகமே பார்த்தது. 300 பேரும் உயிர் பிழைத்தனர். ஆனால் அடுத்த சில நிமிடங்களில் விமானம் வெடித்தபோது, தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர் நீத்தார்.

2024 ஜனவரி 2. டோக்கியோ நகரின் ஹனேடா விமான நிலையம். தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதியது. சிறிய விமானத்திலிருந்த ஆறு பேரில் ஐவர் மாண்டனர். பெரிய விமானம் கொழுந்துவிட்டு எரிந்தது. அதில் 379 பேர். எட்டு வாயில்களில் மூன்றே மூன்றுதான் பயன்பட்டன. கைக்குழந்தையோடு வந்தவர் உண்டு, முதியவர் உண்டு. பெட்டிகளை விட்டுவிட்டு, வரிசை குலையாமல் 379 பேரும் வெளியேறினர். விமானம் சாம்பலாயிற்று, பெட்டிகள் சாம்பலாயின, மனிதர்கள் மிஞ்சினர்.

துபாயில் பை எடுத்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசினார்கள் பலர். நாம் ஏசமாட்டோம். பிழைக்கச் சென்ற நாட்டில் கடவுச்சீட்டும் வேலைச் சான்றும் இல்லாமல் நிற்பது என்றால் என்ன என்று, சொகுசாகச் சுற்றுலா செல்பவனுக்குத் தெரியாது. அந்தப் பைக்குள்தான் தன் வாழ்வே இருக்கிறது என்று அஞ்சியவன் கை நீட்டியிருக்கலாம். அந்த அச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால் அவன் பையை எடுக்க நிற்கும் ஒவ்வொரு நொடியும், பின்னால் நிற்பவரின் நொடி. எண்ணிறந்த நொடிகள் அங்கே இல்லை. பாதி வாயில்கள் மட்டுமே திறந்திருக்கும் நிலையிலும், 90 நொடிகளுக்குள் அனைவரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் பெரிய விமானங்களுக்குச் சான்று தருகிறார்கள். அந்தக் கணக்கிலே பெட்டி எடுப்பதற்கென்று ஒரு நொடியும் ஒதுக்கப்படவில்லை.

நடுவானில், புகை சூழும் நேரத்தில், மனிதன் புதிதாக அறம் கற்றுக்கொள்ள மாட்டான். அவனுடைய கை, பழகியதைத்தான் செய்யும். ஆகவே அந்த முடிவைப் பெட்டி வாங்கும் நாளிலேயே எடுத்துவிட வேண்டும். கடவுச்சீட்டு, வேலைச் சான்று, சிறிது பணம், அன்றாடம் உண்ணும் மருந்து — இவற்றைப் பெட்டியில் வைக்காதீர்கள். கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக்கொள்ளும் சிறு பை ஒன்று வாங்குங்கள். விலை மிகக் குறைவு. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அது உடலோடு இருக்கட்டும். உயிரோடு ஒட்டியவை உடலோடு இருந்துவிட்டால், மேலடுக்கில் இருப்பவை வெறும் துணிமணிகள். விட்டுவிட மனம் வரும், காலும் விரையும்.

நாம் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. பெட்டியைச் சுமப்பவன் நாம் மட்டுமல்ல. நாம் உருட்டிச் செல்வது சில நூறு அடி. மற்ற இடங்களில் நாம் காணாத கைகள் சுமக்கின்றன. ஆபத்து வேளையிலோ, நம் பின்னால் நிற்பவன் தன் உயிரையே கொடுத்துச் சுமக்க நேரிடும்.

இளைஞர்களே! துறவியாகச் சொல்லவில்லை நாம். நல்ல உடை உடுத்துங்கள். நாடு பல காணுங்கள். வானில் பறப்பது செல்வர்க்கு மட்டுமே உரியது என்றிருந்த காலம் போய், உழைப்பவனும் பறக்கிறான் என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. பறக்கும்போது, கீழே மண்டியிட்டிருப்பவனை ஒரு கணம் எண்ணிக்கொள்ளுங்கள் என்பதே நம் வேண்டுகோள். அடுத்த முறை கடைக்காரர் பெட்டியின் பளபளப்பைப் புகழும்போது, அதை மண்டியிட்ட நிலையில் உங்கள் கையால் ஒரு முறை தூக்கிப் பாருங்கள். கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஏன் தூக்கிப் பார்த்தீர்கள் என்று அவர்களில் ஒருவராவது கேட்பார். அவருக்குச் சரக்கறையில் இருக்கும் தொழிலாளியைப் பற்றிச் சொல்லுங்கள்.